கடவுச்சொல்லின் வலிமை எதில் இருக்கிறது?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி ஒருத்தி எழுதியது)

முன்னுரை

அலிபாபாவின் கதையைக் கேளாத குழந்தை உண்டோ? காட்டுக்குள் ஒரு குகை; குகையைத் திறக்க ஒரு சொல். மரத்தின்மேல் ஒளிந்திருந்த அலிபாபா, திருடர் தலைவன் கூறிய அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டான். குகை அவனுக்கும் திறந்தது. பிறகு அவன் அண்ணன் காசிம் போனான். உள்ளே புகுந்தவன் பொற்குவியலைக் கண்ட மயக்கத்தில் சொல்லை மறந்துபோனான். அது ஏதோ ஒரு தானியத்தின் பெயர் என்பது மட்டும் நினைவில் நின்றது. வாய்க்கு வந்த தானியங்களையெல்லாம் சொல்லிப் பார்த்தான், கதவு அசையவில்லை. திருடர்கள் திரும்பி வந்தனர், காசிம் மாண்டான்.

கடவுச்சொல்லுக்கு நேரக்கூடிய இரண்டு ஆபத்துகளும் இந்தச் சிறு கதையில் அடங்கியிருக்கின்றன. பிறர் அறிந்துகொள்வது ஒன்று. உரியவரே மறந்துவிடுவது மற்றொன்று.

இன்று வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், தாத்தாவின் ஓய்வூதியக் கணக்கு, நம் குடும்பப் புகைப்படங்கள் ஆகிய யாவும் கடவுச்சொல் என்னும் ஒரே கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. புதிதாக ஒரு கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தால், "போதாது! பெரிய எழுத்து ஒன்று சேர்க்கவும், எண் ஒன்று சேர்க்கவும், சிறப்புக் குறி ஒன்று சேர்க்கவும்" என்று மென்பொருள் நம்மை அதட்டுகிறது. இந்த விதிகளை யார் வகுத்தார்கள்? இவை கடவுச்சொல்லை உண்மையிலேயே வலிமையாக்குகின்றனவா? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கணிப்பொறிக்குக் கடவுச்சொல் வந்த கதை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 1961 ஆம் ஆண்டில், பெர்னாண்டோ கார்பட்டோ என்னும் அறிஞரின் தலைமையில் ஒரு புதிய முறை உருவாயிற்று. ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே சமயத்தில் பங்கிட்டுக்கொள்ளும் முறை அது. ஒருவருடைய கோப்பை மற்றொருவர் பார்க்காதிருக்க ஏதேனும் தடை வேண்டுமல்லவா? ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் வழங்கப்பட்டது.

சொல் வந்த மறு ஆண்டே திருட்டும் வந்தது! ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரமே கணிப்பொறி கிடைத்தது. அது தம் ஆராய்ச்சிக்குப் போதவில்லை. எல்லோருடைய கடவுச்சொற்களும் ஒரே கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருப்பதை அவர் அறிந்திருந்தார். 1962 இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அந்தக் கோப்பை அச்சிட்டுத் தருமாறு கட்டளை அட்டை ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பட்டியல் முழுவதும் அவர் கையில் இருந்தது.

1966 இல் நடந்தது இன்னும் வேடிக்கை. அதே நிலையத்தில் இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தனர். ஒன்று, கணிப்பொறிக்குள் நுழைவோருக்குக் காட்டப்படும் அன்றைய அறிவிப்பு. மற்றொன்று, கடவுச்சொற்களின் பட்டியல். இரண்டும் இடம் மாறிவிட்டன. அன்று உள்ளே நுழைந்தவர் அனைவருக்கும் எல்லோருடைய கடவுச்சொல்லும் காட்சியளித்தது!

இதிலிருந்து அறிஞர்கள் ஒன்றைக் கற்றனர். கடவுச்சொல்லை உள்ளபடியே எழுதி வைக்கக் கூடாது.

அரைத்த மாவும் சேர்த்த உப்பும்

எழுதி வைக்காமல், பிறகு எப்படிச் சரிபார்ப்பது? இங்கே கணிதம் துணைக்கு வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரோஜர் நீதம் என்பவர் 1960களில் ஒரு வழி கண்டார். கடவுச்சொல்லை ஒரு கணக்கில் இட்டு வேறோர் எண்ணாக மாற்றிவிட வேண்டும். அந்த எண்ணை மட்டும் சேமித்து வைக்க வேண்டும். அடுத்த முறை நாம் சொல்லைத் தரும்போது அதே கணக்கை மீண்டும் செய்து, விடைகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். இப்படி மாற்றப்பட்ட வடிவத்தை இன்று 'ஹேஷ்' என்கிறார்கள்.

ஆட்டுக்கல்லை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். அரிசியை அரைத்தால் மாவு கிடைக்கும். மாவைத் திருப்பி அரைத்து அரிசியாக்க யாராலும் முடியாது. அதுபோலவே ஹேஷிலிருந்து கடவுச்சொல்லை மீட்க முடியாது. திருடன் செய்யக்கூடியது ஒன்றுதான். தானே ஒவ்வொரு சொல்லாக அரைத்துப் பார்த்து, எந்த மாவு இந்த மாவோடு ஒத்துப்போகிறது என்று ஒப்பிட வேண்டும்.

1979 ஆம் ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் என்னும் இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இத்துறையில் புகழ்பெற்றது. யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பில் தாங்கள் செய்த இரண்டு ஏற்பாடுகளை அதில் விளக்கினார்கள்.

முதலாவது, அரைப்பதையே மெதுவாக்கினார்கள். ஒரே கணக்கை 25 முறை திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள். உரியவருக்கு இதனால் ஒரு கணமே தாமதம். கோடிச் சொற்களை அரைக்க வேண்டிய திருடனுக்கோ பெரும் தாமதம்.

இரண்டாவது ஏற்பாட்டுக்கு 'உப்பு' என்றே பெயர். இரண்டு பேர் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தால் இரண்டு மாவும் ஒன்றாகவே இருக்கும். ஒன்றைக் கண்டுபிடித்தவன் மற்றதையும் அறிந்துவிடுவான். ஆகவே அரைக்குமுன் ஒவ்வொருவருடைய சொல்லோடும் ஒரு எண்ணைக் குலுக்கல் முறையில் எடுத்துச் சேர்த்தார்கள். அந்த உப்பில் 4,096 வகை இருந்தது. அதன்பின் சொல் ஒன்றானாலும் மாவு வேறு! இன்றும் நல்ல மென்பொருள்கள் இந்த இரண்டு ஏற்பாடுகளையும் கைவிடவில்லை. 1999 இல் வந்த பிகிரிப்ட் என்னும் முறையில், கணிப்பொறிகளின் வேகம் கூடக் கூட அரைக்கும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளலாம்.

மனிதர் தேர்ந்தெடுத்த சொற்கள்

கல் எவ்வளவு நல்லதாயினும், போடும் அரிசி எல்லோருக்கும் தெரிந்ததாயிருந்தால் என்ன பயன்? மாரிஸும் தாம்சனும் 3,289 கடவுச்சொற்களைத் திரட்டி ஆராய்ந்தனர். 15 பேர் ஒரே ஓர் எழுத்தையே கடவுச்சொல்லாக வைத்திருந்தனர். 72 பேர் இரண்டு எழுத்துகளையும், 464 பேர் மூன்று எழுத்துகளையும் வைத்திருந்தனர். அகராதியில் உள்ள சொற்கள், ஆட்பெயர்கள் போன்றவற்றைத் தேடியபோது மேலும் 492 அகப்பட்டன. இவை போன்ற எளிய சொற்கள் யாவற்றையும் கூட்டினால் 2,831. அதாவது நூற்றுக்கு 86 கடவுச்சொற்கள் எளிதில் உடையக் கூடியவை!

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் இதன் விளைவை உலகம் கண்டது. 1988 நவம்பர் 2 ஆம் நாள், கணிப்பொறிகளின் வழியாகத் தானே பரவும் ஒரு நிரல் இணையத்தில் விடப்பட்டது. அதனைப் 'புழு' என்று அழைத்தனர். அது புகுவதற்குப் பல வழிகளைக் கையாண்டது. அவற்றுள் ஒன்று கடவுச்சொல்லை ஊகிப்பது. முதலில் கணக்கின் பெயரையே கடவுச்சொல்லாகப் போட்டுப் பார்க்கும். பிறகு அப்பெயரைத் திருப்பி எழுதிப் பார்க்கும். பிறகு தன்னுடன் கொண்டுவந்த 432 சொற்களை ஒவ்வொன்றாக முயலும். 432 சொற்கள் என்பது நம் பாடநூலின் ஓரிரு பக்கங்களில் அடங்கிவிடும்! அவ்வளவு சிறு பட்டியல் கொண்டே அது பல கணக்குகளைத் திறந்தது. ஏறத்தாழ 6,000 கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டதாக அன்று மதிப்பிட்டனர்.

அந்தப் புழுவை எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ். கடவுச்சொல்லைக் காக்க வழி சொன்ன அதே ராபர்ட் மாரிஸின் மகன்தான் அவர்! இதை என்னென்பது?

இங்கே ஒன்றை நாம் மறக்கலாகாது. ஒருவர் கணக்கில் புகுந்த புழு, அவரை நம்பிய பிற கணிப்பொறிகளுக்கும் அங்கிருந்தே சென்றது. நம் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டால் அடுத்த வீட்டிலும் திருட்டுப் போகலாம். பலவீனமான கடவுச்சொல் அதற்குரியவரின் சொந்த விஷயம் மட்டும் அன்று.

விதிகள் பிறந்தன

மக்கள் தாமாக நல்ல சொற்களைத் தேர்ந்தெடுக்காததால், மென்பொருளே அவர்களைக் கட்டாயப்படுத்தட்டும் என்ற எண்ணம் வலுத்தது. 'நிஸ்ட்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றிய பில் பர், 2003 இல் அரசு அலுவலகங்களுக்காக ஒரு வழிகாட்டியை எழுதினார். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், சிறப்புக் குறி ஆகியவற்றைக் கலந்து எழுதுவதும், குறித்த காலத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றுவதும் உலகெங்கும் பரவ அந்த வழிகாட்டியே பெருங் காரணமாயிற்று.

அந்த எண்ணத்தின் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. நாமும் அதைச் செய்து பார்க்கலாம். ஆங்கிலச் சிறிய எழுத்துகள் 26. எட்டு எழுத்துச் சொல் ஒன்றை அவற்றால் 26 ஐ எட்டு முறை பெருக்கினால் வரும் அத்தனை வகையில் அமைக்கலாம். அது ஏறத்தாழ 20,882 கோடி. பெரிய எழுத்துகள், எண்கள், குறிகள் யாவற்றையும் சேர்த்தால் விசைப்பலகையில் 95 எழுத்துருக்கள் உண்டு. அப்போது எட்டு எழுத்துகளில் ஏறத்தாழ 6,634 லட்சம் கோடி வகைகள் கிடைக்கும். எவ்வளவு பெரிய உயர்வு!

ஆனால் இதே கணக்கை வேறு விதமாகவும் செய்து பாருங்கள். குறிகள் எவையும் வேண்டாம். சிறிய எழுத்துகளே போதும். நீளத்தை மட்டும் எட்டிலிருந்து பன்னிரண்டாக்குவோம். இப்போது ஏறத்தாழ 95,428 லட்சம் கோடி வகைகள்! எல்லாக் குறிகளையும் கலந்த எட்டெழுத்தைக் காட்டிலும் இது 14 மடங்கு அதிகம். நான்கு எழுத்து நீளம், அத்தனை விசித்திரக் குறிகளையும் வென்றுவிட்டது.

விதி ஒன்று நினைக்க, மனிதர் ஒன்று செய்தனர்

மேற்கண்ட கணக்கில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. ஒவ்வோர் எழுத்தும் குலுக்கிப் போட்டு எடுத்ததாயிருந்தால்தான் கணக்குச் சரி. மனிதர் அப்படி எடுப்பதில்லை.

இதனை அறிய எங்கள் வகுப்பில் ஒரு சிறு சோதனை செய்தோம். "உங்கள் சொந்தக் கடவுச்சொல்லை எழுத வேண்டாம், புதிதாக ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். எட்டு எழுத்து, ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி இருக்க வேண்டும்" என்று எங்கள் கணினி ஆசிரியை சீட்டுகளைக் கொடுத்தார். சீட்டுகளைத் திரட்டிக் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பே சிரிப்பில் மூழ்கியது. பெரிய எழுத்து பெரும்பாலும் முதலிடத்தில். எண் பெரும்பாலும் கடைசியில். குறி எதுவென்றால் ஏ எழுத்துக்குப் பதிலாக @, அல்லது இறுதியில் ஒரு வியப்புக் குறி! நடுவே தங்கையின் பெயர், நாய்க்குட்டியின் பெயர், நடிகரின் பெயர். "சரி, ஒரு மாதம் ஆயிற்று, எல்லோரும் மாற்றுங்கள்" என்றார் ஆசிரியை. கடைசியில் இருந்த 1 என்ற எண் 2 ஆயிற்று. அவ்வளவுதான்!

எங்கள் வகுப்பு மட்டுமன்று, உலகமே இப்படித்தான். வட கரோலினாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2010 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கட்டாயத்தின் பேரில் கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றியவர்களின் பழைய சொல் தெரிந்தால் புதிய சொல்லைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதே கேள்வி. நூற்றுக்கு 41 கணக்குகளில் சில விநாடிகளுக்குள் முடிந்தது.

ஊகிப்பவரும் இந்தப் பழக்கங்களை நன்கு அறிவர். 2009 டிசம்பரில் ராக்யூ என்னும் நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் களவு போயின. அந்நிறுவனம் அவற்றை அரைக்காமல் உள்ளபடியே வைத்திருந்தது. அவற்றுள் ஏறத்தாழ 2 லட்சத்து 90 ஆயிரம் பேருடைய கடவுச்சொல் 123456! அன்று முதல் மனிதர் எத்தகைய சொற்களை விரும்புகின்றனர் என்பது திருடருக்குப் பாடநூலாகிவிட்டது. முதலெழுத்தைப் பெரிதாக்குவது, ஏ எழுத்துக்குப் பதில் @ இடுவது, கடைசியில் ஆண்டைச் சேர்ப்பது ஆகிய யாவற்றையும் அவர்களுடைய நிரல்கள் தாமே செய்து பார்த்துவிடும்.

பிறந்த தேதியையும் எண்ணிப் பார்ப்போம். நாள், மாதம், ஆண்டு என்று எட்டு இலக்கங்கள். எட்டு இலக்கங்களில் 10 கோடி வகைகள் உண்டு. ஆனால் நூறு ஆண்டுகளில் உள்ள நாட்கள் மொத்தம் 36,525 தான். வகுப்புத் தோழியின் பிறந்த தேதி என்றால் ஓரிரு ஆண்டுகளைத் தேடினால் போதும். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவைக் காணப் பதிவெண்ணோடு பிறந்த தேதியையும் கேட்பதை அறிவோம். பள்ளிப் பதிவேடு முதல் பிறந்தநாள் மிட்டாய் வரை அது பலரும் அறிந்த செய்தி. அதனைக் கடவுச்சொல்லாக்குவது பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவது போலாகும்.

இன்னொரு பக்கமும் உண்டு. விதிகள் கூடக் கூட, காசிமுக்கு நேர்ந்தது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நேர்கிறது. சிக்கலான சொல் நினைவில் நிற்பதில்லை. அதனால் பாட்டி அதை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைக்கிறார். அல்லது எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே சொல்லை வைக்கிறார். இரண்டாவதே பெரிய ஆபத்து. ஏதோ ஒரு சிறு விளையாட்டுத் தளத்தில் களவு போன சொல், வங்கிக் கணக்கையும் திறந்துவிடும். ஓர் ஆபத்தைத் தடுக்க வந்த விதி மற்றோர் ஆபத்தை வளர்த்தது.

2017 இல் பில் பர், அப்போது ஓய்வு பெற்ற முதியவர், தாம் எழுதியவற்றில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக வெளிப்படையாகக் கூறினார். அந்த வழிகாட்டியை எழுதிய காலத்தில் மக்கள் உண்மையில் பயன்படுத்திய கடவுச்சொற்களை ஆராய அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. உலகமே பின்பற்றிய ஒன்றைத் தவறு என்று சொல்லப் பெரிய மனம் வேண்டும்.

இன்று மென்பொருள் எப்படிச் சோதிக்க வேண்டும்?

அதே 2017 இல் நிஸ்ட் தன் விதிகளை மாற்றி எழுதிற்று. 2025 இல் மேலும் திருத்திற்று. இன்றைய கருத்தைச் சுருக்கமாகக் கூறுவோம்.

ஒன்று, நீளம். கடவுச்சொல் ஒன்றையே நம்பித் திறக்கும் கணக்கானால் குறைந்தது 15 எழுத்துகள் வேண்டும். கைப்பேசிக்கு வரும் எண் போன்ற இரண்டாவது சோதனையும் இருந்தால் 8 எழுத்துகள் போதும். நீண்ட சொற்களைத் தடுக்கக் கூடாது. 64 எழுத்துகள் வரையிலாவது ஏற்க வேண்டும்.

இரண்டு, பெரிய எழுத்து வேண்டும், குறி வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது.

மூன்று, காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லக் கூடாது. களவு போனதற்கு அடையாளம் இருந்தால் உடனே மாற்றச் சொல்ல வேண்டும்.

நான்கு, எல்லோரும் வைக்கும் சொற்கள், ஏற்கெனவே களவு போன சொற்கள் ஆகியவற்றின் பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இருந்தால் மறுக்க வேண்டும்.

நான்காவது விதியில் ஓர் ஐயம் எழலாம். நம் சொல் அந்தப் பட்டியலில் உள்ளதா என்று பார்க்க, அதை வேறொருவருக்கு அனுப்பினால் இரகசியம் போய்விடாதோ? இதற்கு அழகான தீர்வு உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டிராய் ஹன்ட் 2017 இல், களவு போன 30 கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்களின் ஹேஷ்களைத் திரட்டி வெளியிட்டார். மறு ஆண்டில் ஜுனாத் அலி என்பவர் வகுத்த முறை அதனுடன் சேர்ந்தது. கடவுச்சொல்லை நம் கணிப்பொறியிலேயே அரைத்தால் 40 எழுத்துள்ள ஹேஷ் வரும். அதில் முதல் ஐந்தை மட்டும் அனுப்ப வேண்டும். அந்த ஐந்தில் தொடங்கும் ஹேஷ்கள் அனைத்தும் திரும்பி வரும். நம்முடையது அவற்றில் உள்ளதா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். நூலகத்தில் புத்தகத்தின் பெயரைச் சொல்லாமல், "அந்த அலமாரியைக் காட்டுங்கள்" என்று மட்டும் கேட்பது போல! இத்தகைய அலமாரிகள் 10,48,576 உண்டு.

வலிமையை அளந்து காட்டும் மென்பொருள்களும் உண்டு. 2012 இல் டிராப்பாக்ஸ் நிறுவனத்தின் டேன் வீலர் எழுதியது அவற்றுள் சிறந்தது. விசைப்பலகையின் கீழ் வரிசையில் உள்ள இசட், எக்ஸ், சி, வி, பி, என் என்னும் ஆறு எழுத்துகளே அதன் பெயர். சோம்பேறியின் கடவுச்சொல்லையே தனக்குப் பெயராக்கிக்கொண்டது! "பெரிய எழுத்து உண்டா?" என்று அது கேட்பதில்லை. சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து, இது ஆட்பெயரா, தேதியா, விசைப்பலகையில் வரிசையாக வருவதா என்று ஆராய்கிறது. திருடன் எத்தனையாவது முயற்சியில் இதைக் கண்டுபிடிப்பான் என்று மதிப்பிட்டு, 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுகிறது. ஏன் குறைந்தது என்றும் சொல்கிறது. நல்லாசிரியர் விடைத்தாளைத் திருத்துவது போலன்றோ இது!

ஆனால் திரையில் தோன்றும் மதிப்பெண் ஓர் அறிவுரையே. அதை நம் கணிப்பொறியிலேயே ஒருவர் மாற்றிவிட முடியும். ஆகவே நிறுவனத்தின் கணிப்பொறி, சொல்லை ஏற்குமுன் மீண்டும் ஒருமுறை சோதித்தாக வேண்டும். தவறான முயற்சிகளுக்கும் அங்கே வரம்பு வேண்டும். தொடர்ந்து 100 தவறுகளுக்கு மேல் அனுமதிக்கக் கூடாது என்கிறது நிஸ்ட். வாசலில் நின்று ஊகிப்பவனை இது தடுக்கும். ஹேஷ் பட்டியலையே திருடிக்கொண்டு போய்த் தன் வீட்டில் அரைத்துப் பார்ப்பவனை வரம்பு தடுக்காது. அங்கே உப்பும், மெதுவான ஆட்டுக்கல்லும், நம் சொல்லின் நீளமுமே காவல்.

தமிழில் கடவுச்சொல் வைக்கலாமா?

வைக்கலாம், நல்ல மென்பொருள் அதை ஏற்க வேண்டும். எனினும் எழுதுவோர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 'கி' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணிப்பொறிக்கு ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். 'கொ' என்பதையோ இரண்டு விதமாகப் பதியலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; அரைத்தால் மாவு வேறு! வீட்டுக் கணிப்பொறியில் வைத்த சொல்லைப் பள்ளிக் கணிப்பொறி மறுத்துவிடக் கூடும். அதனால் அரைக்குமுன் இரண்டையும் ஒரே வடிவமாக்கிக்கொள்ள வேண்டும். தமிழறிந்தவர் மென்பொருள் எழுதினால்தான் இத்தகைய இடர்கள் நீங்கும்.

நாம் செய்யத் தக்கவை

அமெரிக்கரான ஆர்னால்ட் ரைன்ஹோல்டு 1995 இல் வெளியிட்ட தாயக்கட்டை முறை நம் வீட்டிலும் செய்யத் தக்கது. ஆறு பக்கக் கட்டை ஒன்றை ஐந்து முறை உருட்டினால் ஐந்து எண்கள் கிடைக்கும். அவற்றுக்குரிய சொல்லை 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். இவ்வாறு ஐந்து சொற்களை எடுத்துச் சேர்த்தால், 95 எழுத்துருக்களால் ஆன எட்டெழுத்துச் சொல்லைவிட 4,000 மடங்குக்கும் மேலான வகைகள் உண்டாகும். 'பூசணி, ரயில், ஊஞ்சல், ஆணி, மழை' என்பது போன்ற சொற்களை ஒரு கதையாக்கி நினைவில் வைப்பது பாட்டிக்கும் எளிது. (இதை எடுத்துக்கொள்ள வேண்டாம், அச்சேறிய சொல் இனி இரகசியமன்று!)

சொற்களை நாமே தேர்ந்தெடுக்காமல் கட்டையிடம் விடுவதில்தான் இம்முறையின் வலிமை இருக்கிறது. மனப்பாடச் செய்யுளின் அடியும், புகழ்பெற்ற பாட்டின் வரியும், விவிலிய வசனமும் நீளமானவைதாம். ஆயினும் அவை எல்லோரும் அறிந்தவை. ஊகிப்பவர் அத்தகைய வரிகளையும் தம் பட்டியல்களில் சேர்த்துக்கொள்கின்றனர்.

ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறு சொல் வேண்டும். அத்தனையும் நினைவில் நில்லாது. அதற்கெனவே உள்ள கடவுச்சொல் பெட்டக மென்பொருளைப் பயன்படுத்தலாம். அது இயலாத முதியவர்கள், நீண்ட சொல்லை ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் பூட்டி வைப்பதில் பெரும் தீங்கில்லை. தொலைவில் உள்ள திருடன் நம் பீரோவைத் திறக்க இயலாது. எல்லா இடத்துக்கும் ஒரே எளிய சொல்லை வைப்பதைவிட இது மேல். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் இரண்டாவது சோதனையை அவசியம் வைத்துக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

கடவுச்சொல்லின் வலிமை அதன் விசித்திரத் தோற்றத்தில் இல்லை. பிறர் ஊகிக்க இயலாமையில் இருக்கிறது. நல்ல விதி என்பது திருடன் என்ன செய்வான் என்பதை மட்டுமன்றி, நல்லவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் எண்ணிப் பார்த்து வகுக்கப்படுவது. மனித இயல்பை அறியாத விதியை மனிதர் ஏதாவது குறுக்கு வழியில் கடந்துவிடுவர். பிறகு காவல் இருப்பது போல் தோன்றுமே தவிர, காவல் இராது.

தோழியரே! இவ்வாண்டு விடுமுறையில் நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்கு அருகில் அமர்ந்து, பொறுமையுடன், அவருக்கென ஒரு நீண்ட, எளிய கடவுச்சொல்லை அமைக்க உதவுவோம். அமைத்த சொல்லைக் கேளாமல் எழுந்துவிடுவோம். நாளை நம்மில் சிலர் மென்பொருள் எழுதுவோராகவும் ஆகலாம். அன்று நாம் வகுக்கும் விதி அலிபாபாவைத் தடுப்பதாகவும், காசிமைக் கைவிடாததாகவும் இருக்கட்டும்.